திரியாத பால்

"நல்லாப் பாருங்கம்மா. எங்கேயாவது திரிஞ்சிருக்கா?"

சமையல் மேடையில் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார் சப்-இன்ஸ்பெக்டர். பாதித் தம்ளர் பால். ஒரு திப்பி இல்லை, ஒரு நூல் இல்லை. கண்ணாடியோரம் வழுக்கி ஏறி வழுக்கி இறங்கியது.

"இந்த வெயில்ல வெளியில வெச்ச பால் ஒரு ராத்திரி தாண்டாது. அப்படின்னா இது இன்னைக்குக் காலையில காய்ச்சினது. பாதியைக் குடிச்சுட்டு, மீதியை மூடி வெச்சுட்டு, அந்தம்மா எங்கேயோ கிளம்பிப் போயிருக்காங்க. காலையில வீட்டுல பால் குடிச்சவங்களை மத்தியானம் காணோம்னு நான் எழுதினா, எங்க ஐயா என்னைக் காணாம அடிச்சிடுவார்."

தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும், காவல் நிலையத்துக்காரர்களுக்கு அவர் இன்னும் இன்ஸ்பெக்டரம்மாதான். ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை கற்றவர் என்பதால்தான் சப்-இன்ஸ்பெக்டர் இன்றைக்கு இரண்டாம் தடவையாக இந்த மாடிப்படி ஏறியிருந்தார்.

"போன்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பதில் சொன்னது காணாமல் போனவளின் தம்பி. லாரி ஓட்டுகிறவன். வெளியூர் போய்விட்டு இன்று முற்பகல்தான் திரும்பி, தன்னிடம் இருந்த சாவியால் வீட்டைத் திறந்திருந்தான். "திங்கட்கிழமை சாயங்காலம் பேசினேன்மா. அதுக்கப்புறம் அணைஞ்சே கிடக்கு. இன்னைக்கு வியாழன். எங்கக்கா குளிக்கப் போனாக்கூடப் போனைச் சோப்புப் பெட்டி மேல வெச்சுக்கிற ஆளு."

"ரிப்பேரா இருக்கும் தம்பி," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "உங்க அக்காவோட பால் ஆராய்ச்சியில பங்குதாரரா இருக்கிறவர் திங்கட்கிழமை ராத்திரி ரயில்ல வெளியூர் போயிட்டு இன்னைக்குக் காலையிலதான் வந்திருக்கார். அவருக்கும் சொல்லிட்டேன், அம்மா காலையில வீட்டுலதான் பால் குடிச்சிருக்காங்க, கவலைப்படாதீங்கன்னு. பாவம், 'அப்பாடா'ன்னு பெரிய மூச்சா விட்டார்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கதவோரம் நின்றிருந்த சிட்டு வாயைத் திறந்தாள். "அண்ணி, பாலே வந்து சாட்சி சொல்ல ஆரம்பிச்சுட்டா நம்ம பொழப்பு என்ன ஆகிறது?"

இன்ஸ்பெக்டரம்மாவின் கணவனுக்குத் தங்கை இந்தச் சிட்டு. வேறு நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு உதவியாளாக வந்தவள், நல்ல வேலையைத் தேடவே இல்லை. போன வருடம் வந்த ஒரு காய்ச்சல் இன்ஸ்பெக்டரம்மாவின் மூக்கிலிருந்து வாசனையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து சிட்டுவுக்குப் பதவி உயர்வு. நாத்தனாரை மூக்காக வைத்துக்கொண்ட ஒரே அண்ணி இந்த உலகத்தில் நீங்கள்தான் என்று வாரத்துக்கொரு தரம் சொல்லிக் காட்டுவாள்.

"பேசினது போதும். மோந்து சொல்லு. முதல்ல தம்ளர்."

"பால் வாசனை. வேறொண்ணும் இல்லை."

"பாத்திரம் கழுவுற தொட்டி?"

சிட்டு குனிந்தாள், குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தாள். "உவ்வே. செத்துப் போன தயிருக்குப் பதினாறாம் நாள் காரியம் நடக்குது."

இன்ஸ்பெக்டரம்மா மேடையைக் காட்டினார். தம்ளர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் காய்ந்திருந்தது. ஒரு சாண் தள்ளி, அதே அளவில், இன்னொரு வட்டம்.

"தம்பி, இங்கே இன்னொரு தம்ளர் இருந்ததா?"

அவன் விழித்தான். "இருந்துச்சும்மா. கெட்டுப்போன பால். கட்டி கட்டியா, பச்சை பூத்து, வீடே நாறிச்சு. என்னைக்கோ வெச்சு மறந்துட்டா போலன்னு போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே கொட்டிக் கழுவி அடுக்கிட்டேன்."

"அதுலயும் பாதித் தம்ளரா?"

"ஆமா. இதே அளவு."

"ரெண்டும் மூடியிருந்ததா?"

"ஒரே மாதிரி மூடிம்மா." சொல்லிவிட்டு அவன் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"சுத்தமா இருந்திருக்கே, அவ்வளவுதான். உங்கக்கா என்ன ஆராய்ச்சி பண்றாங்க?"

அவனுக்குத் தெரிந்த மொழியில் சொன்னான். கிராம்பு எண்ணெய் கிருமியைக் கொல்லும். ஆனால் பாலில் விட்டால் அந்த எண்ணெய் போய்க் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு, கிருமிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அளவைக் கூட்டினால் பால் மருந்து மாதிரி காரும். அதனால் அக்கா எண்ணெயைத் துளித் துளியாக உடைத்து, ஒவ்வொரு துளிக்கும் ஓர் உறை போட்டாள். தலைமுடியின் பருமனைப் பல நூறாகப் பிளந்தால் அதில் ஒன்று எவ்வளவோ, அவ்வளவு பெரிய உறை. நானோ என்பாள். உறைக்குள் இருப்பதால் வாசனையும் வராது, காரமும் தெரியாது. பால் முழுக்கப் பரவி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கிருமியைத் தேடிப் பிடிக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில்கூடப் பால் நாள்கணக்கில் நிற்கும்.

"நின்னுச்சா?"

"இல்லைம்மா. தோத்துப் போச்சாம். பெரிய பால் கம்பெனிக்காரங்க முன்னாடி அக்காவோட பாட்டில் பூராவும் திரிஞ்சு போச்சுன்னு பங்குதாரர் போன்ல சொன்னார். அந்த அவமானத்துல எங்கேயாவது போயிருப்பா, தேடாதீங்க, தானா வருவான்னார்."

இன்ஸ்பெக்டரம்மா ஒரு கரண்டிப் பாலை எடுத்துச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பை மூட்டினார். "உறை சூட்டுல உடையுதான்னு பார்ப்போம். சிட்டு, உன் மூக்கைக் கொண்டா."

பால் பொங்கியது. சிட்டு முகத்தை நீட்டினாள், புருவம் ஏறியது.

"அண்ணி, இந்தப் பாலுக்குள்ள ஒரு பல் டாக்டர் குடியிருக்கார்."

"கிராம்பா?"

"கிராம்புதான். நாற்காலியில சாய்ச்சு வாயைத் திறங்கன்னு சொல்லாத குறை."

இன்ஸ்பெக்டரம்மா அடுப்பை அணைத்தார். குரல் தணிந்திருந்தது. "ரெண்டு தம்ளர். ஒரே அளவு, ஒரே மூடி, ஒரே நாள்ல ஊத்தினது. ஒண்ணுல மருந்து, இன்னொண்ணுல வெறும் பால். ஒண்ணு பச்சை பூத்துப் போச்சு. இன்னொண்ணு அப்படியே நிக்குது. இது யாரோ காலையில குடிச்ச பால் இல்லை, சிட்டு. இது பரீட்சை."

சிட்டுவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. "அப்போ காலையில அந்தம்மா வீட்டுலயே இல்லை."

"திங்கட்கிழமையிலிருந்தே இல்லை."

தம்பி போனை எடுத்துத் திரும்ப அக்காவின் எண்ணை அழுத்தினான்.

"இன்னொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா, மீதிப் பாலை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடியபடி. "வீட்டுச் சமையல்கட்டுல நிக்கிற பால், கம்பெனிக்காரங்க முன்னாடி மட்டும் எப்படித் திரிஞ்சது?"

---

அக்காவும் பங்குதாரரும் சேர்ந்து நடத்திய பால் பதப்படுத்தும் ஆலை ஊருக்கு வெளியே இருந்தது. கொதிகலன் பழுது என்று அந்த வாரம் வேலை நிறுத்தியிருந்தார்கள். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. லாரிக்காரத் தம்பி தன் நண்பனின் வண்டியில் பின்னாலேயே வந்தான். காவலாளி ஒருவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

"பங்குதாரர் மேல சந்தேகமா அண்ணி?"

"உனக்கு?"

"பங்குன்னு ஒண்ணு இருந்தா பங்காளிச் சண்டை இல்லாம இருக்குமா? ஆனா ரயில் டிக்கெட் வெச்சிருக்காரே."

"டிக்கெட் திங்கட்கிழமை ராத்திரிக்குத்தான். அன்னைக்குச் சாயங்காலத்துக்கு அது சாட்சி இல்லை."

பங்குதாரர் மெலிந்த மனிதர். சட்டைக் கை மடிப்பு கசங்காமல் இருந்தது. எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி இழுத்துப் போட்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். கூட்டாளியைக் காணாத மனிதரிடம் இருக்க வேண்டிய எதுவும் அந்த முகத்தில் இல்லை. பரீட்சை முடிந்த பையனின் முகம்தான் இருந்தது என்று சிட்டுவுக்குத் தோன்றியது.

"காலையில வீட்டுலதான் இருந்திருக்காங்க. போலீஸே சொன்னாங்க," என்றார். "கோபம் தணிஞ்சதும் வந்துடுவாங்க. வந்தா, பேசித் தீர்த்துக்கலாம்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

"கோபமா?"

"அதான்... ஆராய்ச்சி தோத்துப் போச்சில்ல."

"தோத்தா வருத்தம்தானே வரும்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கோபம்னா யார் மேலயாவது இருக்கணுமே."

பங்குதாரர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். "ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க."

"கம்பெனிக்காரங்க முன்னாடி எல்லாப் பாட்டிலும் திரிஞ்சுதா?"

"எல்லாமே. நீல மூடி போட்டது பூரா மருந்து சேர்த்தது. வரிசையா கட்டிக் கட்டியா. பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு."

"அப்போ இந்த மருந்து வேலை செய்யாது."

"செய்யாதுங்க. நல்ல யோசனைதான். ஆனா பால்கிட்ட பலிக்கலை."

இன்ஸ்பெக்டரம்மா பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "போலீஸ் சொன்ன பால் இதுதான். அவங்க வீட்டு மேடையில இருந்துச்சு."

"சரி."

"பக்கத்துல இன்னொரு தம்ளர் இருந்துச்சு. அது அழுகிப் போயிருந்தது. போலீஸ் வர்றதுக்குள்ள தம்பி கொட்டிட்டார். அதனால அவங்க கண்ணுல இது மட்டும்தான் பட்டிருக்கு."

சுத்தியல் சத்தம் நின்று நின்று வந்தது. பங்குதாரரின் கை பாட்டிலை நோக்கிப் பாதி தூரம் நீண்டு அந்தரத்தில் நின்றது.

"ரெண்டு தம்ளரா?" என்றார். கேள்வி மாதிரியே இல்லை.

"ரெண்டு. சூடு பண்ணினா இதுல கிராம்பு வாசனை வருது. நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க. இது இன்னைக்குப் பால்னா, நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். பழைய பால்னா, மருந்து வேலை செய்யுது. உங்க பேச்சு பொய். அதோட அந்தம்மா காலையில வீட்டுல இல்லை. இது எந்தப் பால்?"

சிட்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய் மாட்டிக்கொண்டால் மனிதர்கள் எப்படி எப்படி எல்லாமோ ஆவார்கள். சிவப்பார்கள், கத்துவார்கள், வக்கீலைக் கூப்பிடுவார்கள். இவர் முகத்தில் அது எதுவும் நடக்கவில்லை. மெல்ல மெல்ல ரத்தம் வடிந்து, உதடு வெளுத்து, அவர் அவர்கள் இருவரையும் தாண்டி எதையோ பார்த்தார்.

"அப்போ அவ வீட்டுக்கு வரவே இல்லையா?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் ஓடினார்.

"பிடி," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அதற்குள் சிட்டு வராந்தாவில் இருந்தாள். எட்டிப் பிடித்ததில் சட்டைக் காலர் கையோடு வந்தது, ஆள் வரவில்லை. இரண்டு எட்டு துரத்திய பிறகுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது. தப்பி ஓடுகிறவன் கேட்டைப் பார்த்து ஓடுவான். இவர் கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆலையின் பின்கட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

---

பின்கட்டின் கோடியில் பழைய குளிர் அறை. இயந்திரம் செத்துப் போனபின் சரக்கு போட்டு வைக்கும் இடமாகிவிட்டது. ஆள் உயரத் தகரக் கதவு, ஒரு முழம் கனத்துக்குச் சுவர்; போன் சிக்னல்கூட நுழையாது. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். அதில் சொருகியிருந்த இரும்பு முளை துருப்பிடித்து இறுகியிருந்தது. பங்குதாரர் அதை இரண்டு கையாலும் இழுத்தார். நகம் பெயர்ந்தது, முளை அசையவில்லை.

"உள்ளேயா?" இன்ஸ்பெக்டரம்மாவின் குரல் மூச்சு வாங்கியது. "திங்கட்கிழமையிலிருந்தா?"

"ஒரு ராத்திரிக்குத்தான். சத்தியமா ஒரு ராத்திரிக்குத்தான். கம்பெனிக்காரங்களுக்குக் காட்டின பாட்டிலை நான் மாத்தினதைக் கண்டுபிடிச்சுட்டா. வேற கம்பெனிக்கு ஃபார்முலாவைக் கொடுக்கப் போறதும் தெரிஞ்சு போச்சு. ரயிலுக்குப் போக விடலை. இங்கே இருக்கிற பாட்டிலை எல்லாம் பத்திரிகைக்காரங்ககிட்ட காட்டுவேன்னு உள்ளே போனா. நான் முளையைச் சொருகிட்டு..." அவர் கதவை உள்ளங்கையால் அறைந்தார். "காலையில திறந்துவிடச் சொல்லி வாட்ச்மேனுக்கு மெசேஜ் போட்டேன். பார்த்துட்டார். ரெண்டு நீல டிக் வந்துச்சு."

சத்தம் கேட்டு வந்து நின்ற காவலாளி திகைத்தார். "எனக்கா சார்? என் போன் ஒரு வாரமா வீட்டுல இருக்கு. சின்னப் பொண்ணு படம் பார்க்க வெச்சிருக்கா. வர்றதை எல்லாம் அவதான் தட்டிவிடுவா."

சிட்டு அதற்குமேல் கேட்க நிற்கவில்லை. கொதிகலன் பக்கம் ஓடி, வேலைக்காரர் ஒருவரின் கையிலிருந்து சுத்தியலை வாங்காத குறையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அந்த ஆளும் பின்னாலேயே ஓடி வந்தார். அவர் அடிக்கத் தொடங்கினார். ஒவ்வோர் அடிக்கும் துரு உதிர்ந்தது.

இன்ஸ்பெக்டரம்மா பங்குதாரரைப் பார்த்தார். "காலையிலேயே ஊருக்கு வந்தீங்களே. ஏன் வந்து பார்க்கலை?"

"போலீஸ் பால் இருந்துச்சுன்னாங்க. திரியலைன்னாங்க. வெளியே வந்துட்டான்னு நினைச்சேன்."

"அந்தப் பால் திரியாதுன்னு தெரிஞ்சவங்க உலகத்துலயே ரெண்டு பேர். ஒருத்தங்க உள்ளே இருக்காங்க. இன்னொருத்தர் நீங்க."

"தெரியும்," என்றார் அவர். "நினைக்கத் தோணலை. வந்துட்டான்னு இருந்தா நல்லா இருக்குமேன்னு..." முடிக்க வராமல் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

வெளியே வண்டியருகில் காத்திருந்து ஓடி வந்த லாரிக்காரத் தம்பி அவரை அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கியவன் அடிக்கவில்லை. அவனும் கதவில் காதை வைத்தான். "அக்கா," என்று கூப்பிட்டான். உள்ளிருந்து ஒன்றும் வரவில்லை.

முளை தெறித்து விழுந்தது. கனத்த கதவு முனகிக்கொண்டு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. உள்ளே கும்மிருட்டு. அடைபட்டிருந்த வெக்கை முகத்தில் வந்து மோதியது. தம்பி பாயப் பார்த்தான். இன்ஸ்பெக்டரம்மா கையை நீட்டித் தடுத்தார். சிட்டுவைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தக் கண்ணில் சிட்டு பயத்தைப் பார்த்ததே இல்லை.

"என்ன வாசனை?"

சிட்டுவுக்குப் புரிந்தது அண்ணி எந்த வாசனையைக் கேட்கிறார் என்று. மூச்சை இழுக்கவே துணிவு வரவில்லை. இழுத்தாள்.

"புளிச்ச பால். நிறைய."

"அப்புறம்?"

"ஈரச் சிமெண்ட். கிராம்பு கொஞ்சம்."

"வேற?"

இன்னொரு தரம், நுரையீரல் கொள்ளும்வரை இழுத்தாள். "வேற ஒண்ணும் இல்லை அண்ணி. வேற ஒண்ணுமே இல்லை."

இன்ஸ்பெக்டரம்மா கையை இறக்கினார். தம்பி இருட்டுக்குள் பாய்ந்தான்.

பாட்டில் கூடைகளுக்குப் பின்னால், தரையில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டையில் முகத்தை ஒட்டி அவள் படுத்திருந்தாள். காற்று வந்த ஒரே வழி அதுதான். சுற்றிலும் வெள்ளை மூடிப் பாட்டில்கள் உப்பிப் பிதுங்கிக் கிடந்தன. நீல மூடிப் பாட்டில்களில் ஒரு டஜன் காலியாகியிருந்தது. தம்பி தோளைத் தொட்டதும் அவளுடைய இமை அசைந்தது. வெளிச்சம் பட்டு மூடிக்கொண்டது.

"வந்துட்டியாடா," என்றாள். உதட்டில் மட்டும்தான் சொல் இருந்தது.

சிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

---

ஆம்புலன்ஸ் வருவதற்குமுன் சப்-இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வராந்தா நிழலில் பாய் விரித்து அவளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். காவலாளி பதறிப்போய் எங்கிருந்தோ ஒரு தம்ளர் சூடான பால் வாங்கி வந்து நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. தண்ணி இருந்தாக் குடுங்க. இந்த ஜென்மத்துக்குக் குடிச்சாச்சு."

தண்ணீர் வந்தது. தம்பி வாயருகில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். பங்குதாரர் எதிர்ச்சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். ஓடிப்போவதற்கு அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. கேட்டும் திறந்துதான் கிடந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டரம்மாவின் கண்ணைப் பார்க்காமல் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு குனிந்தார். "அம்மா, களைப்பா இருந்தா வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. உங்களை உள்ளே வெச்சுப் பூட்டினது யாரு?"

அவள் கையைத் தூக்கப் பார்த்தாள். முடியாமல் கண்ணாலேயே எதிர்ச்சுவரைக் காட்டினாள். பங்குதாரர் தலையைக் குனிந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார். அவள் இன்னும் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பிறகு இன்ஸ்பெக்டரம்மாவிடம் கேட்டாள். "உள்ளே இருக்கேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

இன்ஸ்பெக்டரம்மா தயங்கினார். சிட்டுவைப் பார்த்தார். சிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"அவர்தான்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "நீங்க வீட்டுக்கு வரலைன்னு தெரிஞ்சதும் அவர்தான் முதல்ல ஓடி வந்தார். எங்களுக்கு இந்த அறை இருக்கிறதே தெரியாது."

தம்பி ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினாள். எதிரே இருந்த மனிதரின் கிழிந்த காலரையும் ரத்தம் கட்டிய விரல்களையும் நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. வெறுப்பும் இல்லை.

"சார்," என்றாள் சப்-இன்ஸ்பெக்டரிடம், ஒவ்வொரு சொல்லாக. "பூட்டினது அவர். திறக்க ஓடி வந்ததும் அவர். ரெண்டையும் எழுதிக்குங்க."